இடக்கை

அன்று மாநிலச் சட்டமன்றத்தின் அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். செனட்டர்கள் லவெர்ன், ப்ரிட்சர்ட், ஓல்சன், மோட்டார் சைக்கிள்காரர்கள் சங்கத்தின் தலைவர் டச், ஆர்லோ ஹாகன், அவருடைய மருமகள் நடீன். தாங்களும் உள்ளே இருந்ததாகச் சொல்லித் திரிபவர்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்றவர்கள்.

ஆர்லோ நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் மேசை விளிம்பை ஹேண்டில்பார் போலப் பிடித்திருந்தார்.

எதிரே வரும் மோட்டார் சைக்கிளைப் பார்க்காமல் குறுக்கே திரும்பி ஆளைக் கொன்றால், இப்போதைய சட்டப்படி காரோட்டிக்கு அபராதம் மட்டும்தான். அதைச் சிறைத்தண்டனை ஆக்கக் கேட்டது மசோதா. வேட் சட்டம் என்று சங்கத்தார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வேட், ஆர்லோவின் ஒரே மகன், நடீனின் புருஷன், மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு காரில் மோதிச் செத்தவன்.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற மசோதா அது. இன்று மூவரில் இருவர் கையெழுத்துப் போடாவிட்டால் செத்தது. இனி அதைத் தூக்கிப் பிடிக்கத் தலைநகர் டெமாய்னில் ஆளில்லை. லவெர்ன் போட்டுவிட்டார். ப்ரிட்சர்ட் போடமாட்டார். இளையவரான ஓல்சன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ரிட்சர்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சங்கத்தார் எல்லோரும் வண்டிகளில்தான் வந்தார்கள். எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்தால் இடக்கையைத் தாழ இறக்கி இரண்டு விரல் காட்டுவது அவர்களுக்குள் மரியாதை. முன்பின் தெரியாதவனுக்கும் காட்டுவார்கள். மார்ச் மாதக் குளிரில் விரல் விறைத்தும் அத்தனை பேரும் காட்டினார்கள். ஆர்லோ மட்டும் காட்டவில்லை. வேட் போனதிலிருந்து அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் டச் அவரைச் சீண்டினார்.

“என்ன பெருசு, கை குளிர்ல ஒட்டிக்கிச்சா? இல்ல, கவர்னர் ஆயிட்டீங்களா?”

“ஹாகன் வீட்டு ஆளுங்க ரெண்டு கையாலதான் ஓட்டுவாங்க,” என்றார் ஆர்லோ. திமிர் பிடித்த கிழவன் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

இப்போது ப்ரிட்சர்ட் தொண்டையைச் செருமினார். காரை ஓட்டிய அம்மாள் சொன்னதை எடுத்துச் சொன்னார். அவள் காரைத் திருப்பும்போது பையனின் இடக்கை ஹேண்டில்பாரில் இல்லை, இடுப்புக்குக் கீழே இருந்தது. காருக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது, வண்டியாக இருக்கலாம், அவள் பார்க்கவில்லை. வேட்டின் ஃபோன் நடுரோட்டில் நொறுங்கிக் கிடந்தது. மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது.

“ஃபோனைப் பாத்துக்கிட்டு வந்தவனுக்காக இன்னொருத்தரை ஜெயில்ல போடச் சொல்றீங்களா?” என்றார் ப்ரிட்சர்ட்.

டச் எழுந்துவிட்டார். கை தாழ இருந்தது என்றால் எதிரே வந்த வண்டிக்குக் காட்டியிருப்பான், அது எங்கள் வழக்கம் என்றார்.

“எந்த வண்டிக்கு? மூணு வருஷமா ஒருத்தனும் வந்து சொல்லலையே.”

டச் உட்கார்ந்தார்.

நடீன் தேடாத இடமில்லை. பெட்ரோல் நிலையங்களில் கேட்டாள், கோடைத் திருவிழாக்களில் மைக்கை வாங்கிக் கேட்டாள். அன்று மத்தியானம் அந்த ரோட்டில் வந்தவர் யாராக இருந்தாலும் வாருங்கள், உங்கள் மேல் தப்பில்லை என்று கெஞ்சினாள். ஆர்லோ அதை அடியோடு எதிர்த்தார். வேட் கையை எடுக்கவே இல்லை, பிறகு யாரைத் தேடுகிறாய் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். சம்பவ இடத்தில் முதலில் மண்டியிட்டவர் அவர்தான். வீடு பக்கத்தில், சத்தம் கேட்டு ஓடி வந்திருப்பார்.

நடீன் செனட்டர்களைப் பார்க்கவில்லை. மாமனார் பக்கம் திரும்பி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“ஸ்கூல்ல என் பொண்ணுகிட்ட சொல்றாங்க மாமா, உங்கப்பன் ஃபோனைப் பாத்துச் செத்தான்னு. அவ வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்கிறா. நீங்க சொல்லுங்க. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்துச்சுன்னு சொல்லுங்க. உங்க சொல்லை யாரும் தட்ட மாட்டாங்க.”

ஓல்சன் பேனாவை மூடினார்.

அந்தச் சிறு சத்தத்துக்கு ஆர்லோ நிமிர்ந்தார். மருமகளின் விரல்களைச் சட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

“அந்த அம்மா பொய் சொல்லல,” என்றார். “கை கீழதான் இருந்துச்சு.”

நடீன் வாயைப் பொத்திக்கொண்டாள். டச் தரையைப் பார்த்தார். ப்ரிட்சர்ட் ஓல்சனைப் பார்த்துத் தலையசைத்தார்.

“அப்போ ஃபோன்தான்,” என்றார் ப்ரிட்சர்ட்.

ஆர்லோவின் இடக்கை மேசை விளிம்பை விட்டது. தாழ இறங்கி, தொடையருகே இரண்டு விரல் நீட்டி நின்றது.

“ஃபோன் இல்ல. காருக்குப் பின்னால வண்டியில வந்தது நான்.”