மேட்டில் நின்ற வண்டி

"பழசா, விலை குறைஞ்சதா, எங்கேயாவது இடிச்சாலும் மனசு பதறாத மாதிரி ஒரு கார் வேணும். ஆனா கியர் வண்டியா இருக்கணும்."

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பழைய கார் வியாபாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தால் 'கேரண்டி' என்று சொல்லாமல் மூடமாட்டார் என்பதால், வியாபாரிக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"யாரு சார் ஓட்டப் போறது?" என்றார் கேரண்டி.

"நான்தான். கத்துக்கணும்."

"வாசல்ல நிக்கிறது உங்க வண்டிதானே?"

"ஆமா. அது ஆட்டோமேட்டிக். இருபது வருஷமா அந்த மாதிரி வண்டிதான் ஓட்டுறேன். கியரைத் தொட்டதே இல்லை."

இந்த வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்க நாக்கு துடித்தது. வியாபாரம் கெடுமே என்று கேரண்டி அடக்கிக்கொண்டார். சிவப்பு வண்டி ஒன்றைக் காட்டினார்.

"ஒரே ஓனர். ஒரு கீறல் கிடையாது, கேரண்டி."

"ரொம்ப நல்லா இருக்கே. வேண்டாம்."

"சரி, இந்த நீலம்? போன வாரம்தான் புது கிளட்ச் போட்டேன்."

"பாவம், அதை நான் நாசம் பண்ணிடுவேன்."

கேரண்டிக்குச் சுருக்கென்றது. வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்காக வேண்டாம் என்ற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"ஓட்டை உடைசல்தான் வேணும்னா காயலான் கடைக்குப் போகணும் சார்! நான் இங்கே கார் விக்கிறேன்."

வந்தவர் கோபப்படவில்லை. மூலையில் தூசி படிந்து நின்ற வெள்ளை வண்டியைக் கைகாட்டினார். "அது?"

கேரண்டியின் குரல் இறங்கிவிட்டது. "அது என் பொண்ணு கத்துக்கிட்ட வண்டி. விக்கிறதா இல்லை. ஆனா இனிமே வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஓட்டிப் பாருங்க."

வண்டிகளைக் கழுவும் இடத்திலிருந்து வாசல்வரை தரை மேடாக ஏறும். கேரண்டி வெள்ளை வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். வந்தவர் ஏறி உட்கார்ந்து, கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பின்னால் உருள ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த கேரண்டி கைபிரேக்கை இழுத்துப் பிடித்தார்.

"கிளட்ச்லேருந்து காலைச் சட்டுனு எடுக்காதீங்க சார். பாதிக்கு வரும்போது வண்டி லேசா உதறும். அந்த உதறல் தெரியுதா? அப்ப பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலேட்டரை மெல்ல மிதிங்க."

நான்காவது தடவையும் நின்றது. வந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"விடுங்க சார், கத்துக்கிற யாருக்கும் மேட்டுல வண்டி நிக்கத்தான் செய்யும். அது தெரியாத ஜென்மம் ஒண்ணு இருக்கு, லைசென்ஸ் ஆபீஸ்ல!" கேரண்டிக்கு மூச்சு வாங்கியது. "என் பொண்ணு எட்டு போட்டா, ரிவர்ஸ் எடுத்தா, எல்லாம் சுத்தம். மேட்டுல ஒரே ஒரு தடவை வண்டி அணைஞ்சதுக்கு ஃபெயில். அடுத்த தடவை லேசா பின்னால வந்ததுக்கு ஃபெயில். மூணாவது தடவை, ஏத்தி முடிச்சிட்டா சார், ஆனா நேரமாயிடுச்சாம்! ஃபெயில்!"

வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"பால் கம்பெனி வேன் ஓட்ட அவளுக்கு வேலை ரெடியா இருந்துச்சு. லைசென்ஸைக் கொண்டா, சேந்துக்கன்னாங்க. மூணு மாசம் பொறுத்தாங்க, போன வாரம் வேற ஆளைப் போட்டுட்டாங்க. குளுகுளு ரூம்ல உக்காந்து பேனா பிடிக்கிறவனுக்கு ஒரு பொண்ணோட பொழப்பு எங்கே தெரியப்போகுது?"

"நீங்க போய் அவரைக் கேக்கலையா?"

"சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். பொண்ணுதான் வாசலை மறிச்சுக்கிட்டா. 'போகாதப்பா, நான் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன்'னா. என்னடி கேட்டேன்னா வாயைத் திறக்க மாட்டேங்குறா. திரும்ப டெஸ்டுக்கும் போக மாட்டேங்குறா. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா சார், இந்த மேட்டுல உக்கார வச்சு, ஏத்துடா பாக்கலாம்னு சொல்லுவேன்!"

வந்தவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் கூரையில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"இந்த வண்டியையே எடுத்துக்கிறேன்."

"நாலு தடவை நின்னுச்சே சார்?"

"நிக்கட்டும். இதுலதான் கத்துக்கணும்."

அறைக்குள் கேரண்டி விற்பனைப் படிவத்தை எடுத்தார். உள்ளே கொதித்தது இன்னும் ஆறவில்லை. பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல ஓடியது. பேர், விலாசம் எல்லாம் எழுதியாயிற்று.

"என்ன வேலை பாக்குறீங்க சார்?"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். கேரண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற ஆபீசர்னு எழுதிக்கங்க."

பேனா நின்றது.

"மூணாவது தடவை ஃபெயில்னதும், 'நீங்க ஒரே ஒரு தடவை இந்த மேட்டுல ஏத்திக் காட்டுங்க சார், நான் பேசாம போயிடறேன்'னு சாவியை நீட்டுனா உங்க பொண்ணு," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "வாங்க எனக்குக் கை வரலைங்க."