ஹைஃபா போலீஸ்

"எங்கடி பாஸ்போட்? எடு வெளிய!"

மேசையில் தடி விழுந்த வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. சுவரோடு ஒட்டி நின்ற நிஷாந்தியின் கை தானாகப் போய் இடது காதைப் பொத்திக்கொண்டது.

"அ... அனி லோ மெவினா."

"அப்புடின்னா?"

"எனக்கு வெளங்கலைங்க சார்."

"சார் மோரெல்லாம் வேணாம். கையை எறக்கு. மேசையிலதானே அடிச்சேன்?"

நிரோஷன் தடியைக் கீழே வைத்தான். போலீஸ் தொப்பிக்குப் பதிலாக மாட்டியிருந்த மழைத்தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

அவன் மனைவி நிஷாந்தி அடுத்த மாதம் இஸ்ரேல் போகிறாள். ஹைஃபாவில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே தோட்ட வேலைக்குப் போயிருந்த கூட்டாளி துஷாந்தைப் போலீஸ் தெருவில் மறித்துப் புரியாத கடதாசி ஒன்றை நீட்டியதாம். மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் நீட்டியதில் எல்லாம் கையெழுத்து வைத்துப் பழகிய கையல்லவா, மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டான். அடுத்த கிழமையே பிளேன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து நிரோஷனுக்குச் சோறு இறங்கவில்லை. துஷாந்திடம் கேட்டு வந்த மூன்று ஹீப்ரு வசனங்களையும் பின்னேரமானால் மனைவிக்கு உருவேற்றிக்கொண்டிருந்தான். தொப்பியும் தடியுமாக நடிப்பு இன்றைக்குத்தான்.

"ரெண்டாவது சொல்லு."

"அனி ரோட்சா மெத்துர்கெமான். மொழிபெயர்க்க ஆள் வேணும்."

"மூணாவது?"

"அனி லோ... லோ..."

"ஹொத்தெமெத்! கையெழுத்து வைக்க மாட்டேன். இதுலதான்டி நீ சறுக்குற. பேனையக் கண்டாப் போதும், கை நீண்டுருது."

"நாம என்னைக்குங்க வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கோம்? தோட்டத்து ஆபீசுன்னாலும் சரி, போலீசுன்னாலும் சரி, சிங்களத்துல எழுதி நீட்டுவாங்க. வச்சிட்டு வந்துருவோம்."

"அங்க அப்புடி வச்சீன்னா பொட்டியக் கட்டிற வேண்டியதுதான். இன்னொருக்கா பாப்போம். இந்தத் தடவ வாயத் தொறந்து கத்து. ஊமையாட்டம் நிக்காத. கத்துனாத்தானே ரோட்டுல போற நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க?"

"நெசமாவே கத்தவா?"

"கத்துடி!"

தடி மேசையில் இறங்கியது. நிஷாந்தி கத்தினாள். கூரைத் தகரமே அதிர்ந்தது போலிருந்தது. நிரோஷன்கூட ஒரு கணம் திகைத்துப்போனான். இவளுக்கு இப்படி ஒரு குரலா?

"ஆ, அப்புடித்தான்! இன்னொருக்கா!"

மழை விட்ட கையோடு லயத்து வீட்டு வரிசையின் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய சிங்களச் சார்ஜனுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஓய், நீதானா பொம்பளைக்கு அடிக்கிறது? இந்த அம்மா கோல் பண்ணிச் சொன்னது, கொல்லப் போறான்னு."

நிரோஷன் பதறிக்கொண்டு முன்னால் வந்தான். நிஷாந்தியின் பயணத்துக்கு, வீட்டில் கேஸ் ஒன்றும் இல்லை என்று போலீஸ் ரிப்போட் தர வேண்டியது இதே ஸ்டேசன்தான். கேஸ் என்று ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு.

"ஐயோ, நடிப்பு சார்! இஸ்ரேல் போலீஸ் மாதிரி நான் நடிச்சேன். இவ பழகுறா. இருங்க, காட்டுறேன்."

தொப்பியை மாட்டித் தடியை எடுத்து மேசையில் ஒரு போடு போட்டான். நிஷாந்தி மூன்று வசனத்தையும் தடுக்காமல் ஒப்புவித்தாள். ஜீப் டிரைவர்தான் முதலில் சிரித்தான். பிறகு சார்ஜனுக்கும் அடக்க முடியவில்லை.

"ஹைஃபா பொலிஸ்! நம்ம பொலிஸ் நல்லம் போல."

"அடி வாங்குனது மேசைதான் சார். அவ மேல ஒரு கீறல் இருக்கான்னு பாருங்க."

இல்லைதான். சார்ஜன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"பொய் கம்ப்ளேன் குடுத்தா உனக்குத்தான் கேஸ். ஏறு ஜீப்புல."

"சாமி, என் காதால கேட்டேனே! இத்தன வருசமா ஒட்டுச் சுவருல இருக்கேன், இந்தப் புள்ள சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. அதான் பதறிட்டேன். தம்பி, நீயாச்சும் சொல்லேன்பா."

"என்னத்தச் சொல்ல? எங்க பயணத்தக் கெடுக்கத்தானேக்கா பாத்தீங்க?" நிரோஷனுக்கு இப்போது தெம்பு வந்திருந்தது. "கூட்டிட்டுப் போங்க சார். அப்பத்தான் புத்தி வரும்."

சார்ஜன் புத்தகத்தை விரித்துச் சிங்களத்தில் நாலு வரி எழுதினார்.

"இந்த வீட்ல சண்டை இல்ல, எல்லாம் நடிப்பு. அதுதான் எழுதினது. சைன் பண்ணு தங்கச்சி."

நிரோஷனே பேனையை வாங்கி மனைவியிடம் நீட்டினான். "வைம்மா. இதுல வைக்கலாம்."

நிஷாந்தி பேனையைப் பார்த்தாள். ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்து, ஏற முடியாமல் அழுதுகொண்டிருந்த நாகலெட்சுமியைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"என்னாடி முழிக்கிற? இது ஹைஃபா போலீஸ் இல்ல, நம்ம போலீஸ்."

அவள் புருசனைப் பார்க்கவில்லை. சார்ஜனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டுந்தான் சார் நடிப்பு."