பின்வரிசைக் குரல்

திரையில் கணவன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லிவிடுவான்.

கடைசி வரிசையில், சின்ன விளக்கின் கீழ் மைக்கைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள்.

பழைய பிரெஞ்சுப் படம். அடியில் எழுத்து ஓடாது. திருச்சியின் அந்தத் திரைப்படச் சங்கத்தில் பிரெஞ்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கல்லூரியில் பாடம் எடுப்பவள். திரையில் பேசப் பேச, இவள் மைக்கில் தமிழில் சொல்வாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குரல். பாரிஸ் மனைவி ஆனாலும் இந்த ஊருக்கு வந்தால் புருஷனை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். அது சங்கத்தின் வழக்கம்.

மூன்றாவது வரிசையில் அவள் கணவன் இளம்பரிதி உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நாளாக அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

சவரம் செய்யும்போது பாடினான். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் பிரமாதம் என்றான். கேட்காமலே பூ வாங்கி வந்தான். சண்டைக்கு இழுத்தாலும் வரவில்லை.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனம் அவனிடம் இருந்தது. பயம் இவளுக்கு.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

திரையில் அவன் பட்டாணியைக் கீழே வைத்தான். பேசினான்.

அவள் மைக்கில் சொன்னாள்.

"எனக்கு இன்னொருத்தியும் இருக்கா. அதனால உம்மேல உள்ள பிரியம் ஒரு துளிகூடக் குறையல."

அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

இளம்பரிதி மட்டும் தலையை ஆட்டினான். மெதுவாக, சரியாகச் சொன்னாய் என்பதுபோல.



அடுத்தது மனைவியின் வசனம். மூன்று தடவை படம் பார்த்து, பக்குவமாகத் தமிழாக்கி வைத்திருந்தாள். நீங்க சந்தோஷமா இருந்தா எனக்கும் சந்தோஷந்தாங்க.

திரையில் மனைவி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள்.

இவளுக்கு வாய் வரவில்லை.

கூட்டம் தமிழுக்காகக் காத்திருந்தது. யாரோ இருமினார்கள்.

"யாருங்க அவ?" என்றாள் மைக்கில். "எனக்குத் தெரிஞ்சவளா?"

முன்னால் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தாள். "பாவம், சிரிச்சே சமாளிக்கிறா பாருங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

இளம்பரிதி திரும்பிப் பார்த்தான்.

பாதி முகத்தில் திரையின் வெளிச்சம். படத்தில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு அவன் ஏன் திரும்ப வேண்டும்? அவனுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது.

பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. அந்த முகத்தை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. அவன் உதடு பிரிந்தது. வீடுவரை காத்திருக்க மாட்டான், இங்கேயே சொல்லிவிடுவான் என்று தோன்றியது.



திரையில் கணவன் மனைவியின் கன்னத்தைத் தொட்டு நீளமாக ஏதோ சொன்னான். நன்றி சொன்னான். அவளைப்போல் ஒருத்தி யாருக்கும் வாய்க்காது என்றான்.

அவள் அவசரமாக மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"யாருமில்லம்மா. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

அரங்கமே மூச்சு விட்டது. சிலர் சிரித்தார்கள். முன்னால் இருந்த அம்மாள், "நல்ல வெளையாட்டு, கட்டையில போறவன்" என்றாள்.

இளம்பரிதி சிறிது நேரம் அவளையே பார்த்தான். பிறகு தோள் தளர, திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கும் மூச்சு வந்தது. தண்ணீர் குடித்தாள்.

அடுத்த காட்சி தொடங்கியது. ஒரு மாடிப்படி. கணவன் ஏறிப்போய்க் கதவைத் தட்டினான். மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி திறந்தாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

அரங்கில் சிரிப்பு நின்றது.

ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

இளம்பரிதி மட்டும் திரும்பவில்லை.