சிங்காரத்தின் ஆரஞ்சு ஜாக்கெட்

குளத்து ஆமை சிங்காரத்துக்கு ஓடிப் பழகும் ஆசை வந்ததும், முதல் வேலையாக எதிர்காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் வாங்கப் போனது.

கடைக்காரத் தவளை எடுத்துப் போட்டதை எல்லாம் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கே தம்பி, என் வேகம் குறைஞ்சிடாது?" என்று கேட்டது.

தவளை அதன் முதுகு ஓட்டைப் பார்த்தது. வியாபாரம் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டு, இருப்பதிலேயே மெல்லிசான ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொடுத்தது.

சிங்காரம் அதை ஓட்டுக்கு மேலேயே மாட்டி, வயிற்றுப் பக்கம் ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு கரையேறியது. அடித்த காற்றில் ஜாக்கெட் உப்பி, ஆசாமியை மல்லாக்கத் தள்ளியது. நாலு காலும் ஆகாயத்தை உதைத்தன.

அந்த வழியாக வந்த நண்டு பதறிப்போய், "அண்ணே, புரட்டி விடட்டுமா?" என்றது.

"பொறுடா. இப்பதான் ஜிப்பு வெளிய தெரியுது. இன்னும் நாலு பேர் பார்த்துட்டுப் போகட்டும்."