பன்னிரண்டு திரைகள்

பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கும் அறை. புதுத் திரைகளைப் பற்றிய புகார் மனுவில் பதினோரு கையெழுத்துதான் விழுந்திருந்தது.

"நீ ஏன் போடல?" என்றார் மெத்தோடி. ரூசே நகரச் சரக்கு ரயில் நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாகத் தொழிற்சங்கச் செயலாளர்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது அண்ணே" என்றாள் வெலிச்கா.

புதிய தட்டைத் திரைகள் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேகன் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு எண்ணுக்கும் பன்னிரண்டு இலக்கம். திரையில் எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் மழையில் நனைந்த காகிதம் மாதிரி கசிந்து கிடந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் பிளாமெனிடம் சொன்னால், "புதுசுன்னா அப்படித்தான், பழகிடும்" என்பான்.

"பதினோரு பேருக்குத் தலைவலி. உனக்கு மட்டும் பளிச்சுனு தெரியுதா?"

"மேனேஜர் கண்ணை இரவல் வாங்கியிருப்பா" என்றாள் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியான கலினா.

அறையே சிரித்தது. வெலிச்கா தலையைத் தூக்கவில்லை.

"பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம். அதுவரைக்கும் நல்ல பேர் வாங்கணும், அதானே?" என்றார் மெத்தோடி. "கருங்காலி."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மனு ஜெயித்தது. பிளாமெனுக்குச் சீட்டுக் கிழிந்தது. வெளியிலிருந்து வந்த ஆள் பத்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தான்.

"இந்தத் திரைக்குன்னு ஒரு அளவு இருக்கு. அதை யாரோ குறைச்சு வச்சிருக்காங்க. குறைச்சா எழுத்து பெருசாகும், ஆனா கலங்கிடும். இதுக்கா ஒரு மாசம்?"

பன்னிரண்டையும் சரியான அளவுக்கு மாற்றி, யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டுப் போனான். எழுத்து சின்னதாகி ஊசிமுனை மாதிரி துல்லியமாக நின்றது. பெண்கள் கைதட்டினார்கள்.

நான்காம் நாள், வர்ணாவுக்குப் போக வேண்டிய பெட்ரோல் வேகன் சோஃபியா வண்டியில் கோக்கப்பட்டுப் போய்விட்டது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. அடித்தவள் வெலிச்கா. மருத்துவக் குழு கண்ணைச் சோதித்தது. வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று.

மெத்தோடி கொதித்தார். கருங்காலியானாலும் தொழிலாளி. 'வெலிச்காவின் கண்ணைக் கெடுத்தது யார்?' என்று அன்றே நோட்டீஸ் அடித்து, நிலையத்தின் கேட்டில் ஒட்டினார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பிளாமெனைத் தேடிப் போனார். அவன் சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான்.

"ஒரு மாசம் அந்தத் திரையைப் பாக்க வச்சு அவ கண்ணைக் கெடுத்த. வந்து சாட்சியாவது சொல்லு."

பிளாமென் கையிலிருந்த திருப்புளியை நிறுத்தவில்லை.

"அவ கண்ணு கெட்டு ரெண்டு வருஷமாச்சு. பெரிய எழுத்துதான் தெரியும். பழைய டப்பாத் திரையில பெருசா வச்சாலும் கலங்காது, யாருக்கும் தெரியல. புதுசுல கலங்குது. அந்த புரோகிராம்ல எழுத்தை மட்டும் பெருசாக்க வழியில்ல."

"அதுக்கு எல்லாத்தையுமா?"

"தினம் இடம் மாறி உக்காருறாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கலங்கலா இருந்தா, அது யாருக்குன்னு ஒரே நாள்ல தெரிஞ்சு போகும். அதான் பன்னிரண்டையும் மாத்தி வச்சேன்."

மெத்தோடி கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"நானும் அவகிட்ட அதைத்தான் சொன்னேன். 'வேண்டாம்ப்பா, என் பேரைப் போட்டு நோட்டீஸ் அடிச்சு கேட்டுல ஒட்டிடுவாரு'ன்னு சொல்லிட்டா."