கலங்கிய கசிவு

மழை சற்றே விட்டிருக்கிறது. தகனினி என்னும் புறநகரின் புதிய வீடுகளுக்கு மேலே, முன்பு பண்ணைக்காக வெட்டிய குளத்தின் பழைய மண்கட்டுக்குக் கீழே, பொறியாளர் கஜந்தினி கணுக்காலளவு சேற்றில் நிற்கிறாள். கட்டின் அடியிலிருந்து விரல் தடிமனில் நீர் பீறிடுகிறது. அதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறாள். பால் விட்ட தேநீரின் நிறம். கட்டின் உச்சியில், போன மாதம் நேராக நின்ற வேலி நடுவில் தொய்ந்து கிடக்கிறது. வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனத்தின் மேலாளர் மதன்குமார், புல்லில் கால் வைக்காமல் குடைக்குள் நிற்கிறார்.

"பழைய கரைன்னா கொஞ்சம் கசியத்தாங்க செய்யும்."

"தெளிஞ்ச தண்ணியெண்டா நானும் பொறுத்திருப்பன். இது குளக்கட்டின்ர மண்ணை உள்ளுக்கால அரிச்சுக்கொண்டு வருது. மேல பாருங்கோ, கட்டே இறங்கீட்டுது. போன மாதமே சொன்னனான்!"

"வெள்ளிக்கிழமை இன்னும் நாலு குடும்பம் குடிவருது. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க, ப்ளீஸ்."

அவள் போத்தலை மூடுகிறாள். "உங்கட பிள்ளையள இண்டைக்கு அந்த வீட்டில படுக்க விடுவியளோ?"

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றுகிறார்.

"நான் கதைக்கத்தான் போறன்."

கைபேசியில் அவசர எண்ணை அழுத்தியபடி அவள் சரிவில் வழுக்கி இறங்குகிறாள். முதல் வீட்டின் கதவை முஷ்டியால் இடிக்கிறாள். தோளில் குழந்தையோடு ஒரு பெண் திறக்கிறாள். ஒன்றும் எடுக்க வேண்டாம், இப்போதே வெளியேறுங்கள் என்று கஜந்தினி ஆங்கிலத்தில் கத்துகிறாள். அந்தப் பெண் வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடுகிறாள். கஜந்தினி அடுத்த கதவை இடிக்கிறாள்.