தொப்புளில் கட்டைவிரல்

"சட்டையத் தூக்குங்கப்பா" என்றாள் அந்தப் பெண்.

தூக்கினேன். கட்டைவிரலை என் தொப்புளுக்குள் வைத்து அழுத்தினாள்.

மொரப்பூர் சமுதாயக் கூடம். காலங்காத்தாலே பாய் விரித்து என்னை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு யோகா ஒன்றுதான் குறைச்சல்.

எல்லாம் என் மனைவி ஞானமேரி செய்த வேலை. மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்குவதில்லை. இரண்டு வாய் உள்ளே போனால் வயிறு முறுக்கிக்கொண்டு வெளியே தள்ளுகிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டுகிற நிலைமைக்கு நான் வந்ததும், அவள் என் கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

"நீங்களும் என்னய வுட்டுட்டுப் போயிறாதீங்க" என்று நேற்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். விடிந்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

யோகா சொல்லித்தரும் பெண்ணின் பெயர் காவியா. பொம்மிடியிலிருந்து ரயிலில் வருகிறாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். என்னை மட்டுமல்ல, வருகிற ஆண்கள் எல்லாரையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ஒடம்புக்கே சென்டர் தொப்புள்தாங்கப்பா. எழுபத்திரெண்டாயிரம் நாடி இங்கிருந்துதான் கெளம்புது. இதுக்குள்ள ஒரு துடிப்பு இருக்கும். அது எடம் மாறிச்சுன்னா தின்னது ஒடம்புல ஒட்டாது."

எழுபத்திரண்டாயிரத்தையும் இவள் எப்போது எண்ணினாளாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு நூலை எடுத்தாள். ஒரு முனையைத் தொப்புளில் வைத்து, வலது கால் பெருவிரல் வரைக்கும் இழுத்து அளந்தாள். பிறகு இடது காலுக்கு. அரை விரல்கடை வித்தியாசம் இருந்தது. ஞானமேரி எட்டிப் பார்த்துவிட்டு, "மாதாவே!" என்றாள்.

"நாபி வெலகியிருக்குங்கப்பா. பாரம் எதனாச்சும் ஏடாகூடமாத் தூக்குனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறாள்!

இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரத்துக்கே கேஸ் சிலிண்டர் போடுகிறவன் நான். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறேன். தூக்குவதற்கு முன்னால் மூச்சை அடக்க வேண்டும், தொப்புளை உள்ளே எக்க வேண்டும். இதை எந்த யோகாவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது கிலோ என்று மனசுக்குத் தெரிந்தால் போதும், உடம்பு தானாகவே தயாராகிவிடும்.

பாரம் எங்களை ஒன்றும் செய்யாது. எங்களைக் கவிழ்ப்பது காலி சிலிண்டர்தான்.

சில நாள் வண்டியில் நிறைந்தவற்றோடு ஒரு காலி கலந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என்னோடு வேலை பார்க்கும் மாது ஒருமுறை நிறைந்தது என்று நினைத்துத் தம் கட்டித் தூக்கினான். கை சடாரென்று மேலே போய், சிலிண்டரோடு மல்லாக்க விழுந்தான். "காத்தத் தூக்கி வுழுந்தவன் நீ ஒருத்தன்தான்டா" என்று ஒரு மாதம் அவனை ஓட்டினோம். பாவம், அவனுக்கும் பத்து நாள் சோறு இறங்கவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்கப்பா. ஒரு மூணு மாசத்துக்கு முன்னாடி."

யோசிக்க என்ன இருக்கிறது?

பிளசி எங்களுக்கு ஒரே பெண். பத்தொன்பது வயது. பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐந்து மாதம் கிடந்தாள். ஞானமேரி கூடவே இருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறிப் போய், போர்வைக்கு மேலே தெரிகிற முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். போனில் கேட்கும்போதெல்லாம், "இட்லி சாப்ட்டாளுங்க, நல்லாருக்கறாளுங்க" என்றுதான் ஞானமேரி சொன்னாள். நான் பிளசியைக் கடைசியாகத் தூக்கியது அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது, மாதா கோயில் தேர் பார்க்க.

அன்றைக்கு வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. தெருவே கூடியிருந்தது. பின்கதவைத் திறந்ததும் நாலு பேர் ஓடி வந்தார்கள். யாரும் தொட வேண்டாம், என் பிள்ளையை நானே தூக்குகிறேன் என்றேன்.

மூச்சை அடக்கினேன். தொப்புளை எக்கினேன். பத்தொன்பது வயதுப் பெண் என்ன கனம் இருப்பாளோ அத்தனைக்கும் தம் கட்டி, வெள்ளைத் துணியோடு இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன்.

கை சடாரென்று மேலே போய்விட்டது.

பின்னால் சாய்ந்தவனை மாதுதான் தாங்கிப் பிடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

காவியா என் பதிலுக்குக் காத்திருந்தாள். நூல் முனையோடு அவள் விரல் இன்னும் தொப்புளில்தான் இருந்தது. ஞானமேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குத் தெரியும். ஐந்து மாதமும் குளிக்க வைக்க அவள்தானே தூக்கினாள்.

"பாரமெல்லாம் இல்லம்மா" என்றேன். "கனமே இல்ல."